மேட்டில் இறங்குகிறவன்

"இறங்கிட்டான்யா மகராசன்!"

துரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினான். மலைமேட்டில் பாதிகூட ஏறவில்லை. பின்னால் சிவப்பிரகாசம் சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"முடியல மச்சான். காலு கெஞ்சுது. தள்ளிகினே போலாம்."

துரை, அருணகிரி, சிவப்பிரகாசம் மூன்று பேரும் செங்கல்பட்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஒரு சவாரி. கடற்கரையில் நாஸ்தா, அரட்டை, அப்புறம் வீடு. எமர்ஜென்சி காலத்து ஆபீசில் வாரம் பூரா பயந்து பயந்து குப்பை கொட்டுகிறவர்களுக்கு அதைவிட வேறு என்ன சந்தோஷம் வேண்டும்?

அதில் ஒரே தொல்லை இந்த மேடு. ஒருத்தன் இறங்கினால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதே சிவப்பிரகாசம்தான்.

"தனக்குத் தோதா சட்டம் போட்டுகினான் பாரு. ஆளு ஆனைக்குட்டி மாதிரி கீறான், ஒரு மேடு ஏற முடியல!" என்று துரை பல்லைக் கடித்தான்.

"சோம்பேறி!" என்றான் அருணகிரி, துரையைவிடச் சத்தமாக.

தள்ளுகிறவன் சும்மாவாவது வருவானா? ஊர்க்கதை பேசிக்கொண்டு ஆடி அசைந்துதான் வருவான் சிவப்பிரகாசம்.

அருணகிரி வாய்தான் திட்டியதே தவிர, உள்ளுக்குள் 'அப்பாடா' என்றிருந்தது. லேசாக இருமினான். "தூசி" என்றான்.

தூசியாவது ஒன்றாவது! போன வருஷம் லீவு போட்டுவிட்டு, "சேலத்துல மாமா வூட்ல இருந்தேன்" என்று அவன் சொன்னது பச்சைப் பொய். இருந்தது காசநோய் ஆஸ்பத்திரியில். குணமாகிவிட்டது. "ஆனா மேடு மட்டும் ஏறாதே, நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் போச்சு. அவன் குடித்த கிளாசை ஒருத்தரும் தொட மாட்டார்கள். கல்யாணப் பேச்சும் நின்றுவிடும்.

மாமல்லபுரத்து டீக்கடையில் சிவப்பிரகாசம் இன்னும் மோசம். அருணகிரி பாதி குடித்த டீயைப் பிடுங்கி, "மீதி எனக்கு" என்று ஒரே மடக்கில் குடித்துவிடுவான்.

"த்தூ, எச்சி டீ! கஞ்சப் பிசினாறி!" என்று துரை தலையில் அடித்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைக்குப் பொறுமை போய்விட்டது.

"இவனக் கழட்டி வுட்ரலாம் அருணகிரி. நாம ரெண்டு பேரும் ஜம்முனு ஏறிடலாம். இன்னா யோசிக்கிற? உனக்கும் மூச்சு வாங்குதா இன்னா?"

அருணகிரிக்குப் பகீரென்றது. சந்தேகப்படுகிறானோ? அந்த பயத்தில், பின்னால் வந்த சிவப்பிரகாசத்தின் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டான்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நீ வராதப்பா. உன்னால எங்களுக்குத்தான் பேஜாரு. வூட்ல குந்திகினு பொண்டாட்டிக்கு வெங்காயம் உரி, போ!"

சிவப்பிரகாசம் கோபப்படவில்லை.

"செரி மச்சான். மேட்டுல பாத்துப் போ."

அடுத்த வாரம் பாதி மேட்டிலேயே அருணகிரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. துரை முன்னால் போய்விட்ட தைரியத்தில் இறங்கி, செயினைத் தன் கையாலேயே கழற்றிவிட்டு, "செயின் கழண்டுகிச்சு!" என்று கத்தினான். எத்தனை வாரத்துக்குத்தான் செயின் கழலும்? விருந்தாளி வந்திருக்கிறார்கள், வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சவாரியே நின்றுபோனது.

சிவப்பிரகாசத்துக்கு மஞ்சள்காமாலை என்று அருணகிரி காதில் விழுந்தது. எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். போனபோது வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனான். சுவரோரம் அந்த சைக்கிள் தூசி படிந்து நின்றது. சிவப்பிரகாசத்தின் மனைவி வச்சலா மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது பேச வேண்டுமே!

"பாவம், அப்பவே அவன் உடம்புல தெம்பு இல்லம்மா. அந்த மேட்டக்கூட ஏற மாட்டான்."

வச்சலா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு, அவரா? எங்கம்மா வூடு திருக்கழுக்குன்றம்தாண்ணா. இவ பொறந்தப்புறம் என்னையும் புள்ளையையும் கேரியர்ல குந்த வெச்சிகினு, அந்த மேட்டுல கால் ஊனாம ஏறி வந்தவரு அவரு."

அருணகிரி சுவரோரம் நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ எதுக்கு..."

"அவரோட அண்ணன் இருமி இருமித்தான் செத்தாரு. அந்த மூச்சு இன்னான்னு அவருக்குத் தெரியும்ணா. உங்ககூட மொத தடவ மேடு ஏறும்போதே கண்டுபுடிச்சிட்டாரு. நீங்களா இறங்கினா உங்களுக்கு அவமானம்னுதான்... வெளிய மூச்சு வுடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு."

அப்படியானால், அந்த எச்சில் டீ? தெரிந்தே குடித்திருக்கிறான், பாவி! அருணகிரி அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழாதீங்கண்ணா. அவருக்கு உங்க மேல கோவமே இல்ல. நெனவு தப்பறதுக்கு முன்னாலகூட உங்க பேச்சுதான்."

வச்சலா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'நான் பூட்டா, அருணகிரிக்காவ மேட்டுல யாரு வச்சலா இறங்குவாங்க?'ன்னு கேட்டுகினே இருந்தாருண்ணா."