சாமுண்டீஸ்வரியின் சந்தேகங்கள்

அண்ணனூர்ப் பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். துணித் திரைக்கு வெளியே பத்துப் பெண்கள் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒருத்திகூட உள்ளே வராததில் நர்ஸ் ரேகா சோர்ந்துபோயிருந்தாள்.

கடைசியில் சாமுண்டீஸ்வரி திரைக்குள் வந்தாள்.

"இன்னா சிஸ்டர் இது, டார்ச்சு மாதிரி கீது?"

அவள் கத்திக் கேட்டாள். காது மந்தம்போல என்று ரேகாவும் உரக்கவே பதில் சொன்னாள்.

"கேமராக்கா. கர்ப்பப்பை வாயைப் பெருசாக் காட்டும்."

"வலிக்குமா?"

"லேசா அழுத்தற மாதிரி இருக்கும். அஞ்சே நிமிஷம்."

"படத்த யார்னா பாத்துட்டா?"

"டாக்டர் மட்டுந்தான் பார்ப்பாங்க."

"கேன்சர்னு வந்துட்டா?"

"அது வர்றதுக்கு முன்னாடியே இதுல தெரிஞ்சிடும். அப்பவே சரிபண்ணிடலாம்."

சாமுண்டீஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"சரி, படுங்கக்கா."

"எனக்கு வேணாம்." இப்போது அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "போன மாசம் ஆவடில இதே மாதிரி கேமராலதான் எனக்கு கேன்சரா மாறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சு, சரியும் பண்ணாங்க. வெளிய கீறவங்கல்லாம் எங்க தெரு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்றது அவங்க காதுல வுழட்டும்னுதான் கத்திக் கேட்டேன்."

ரேகா திரையை விலக்கினாள்.

"அடுத்தது நான்" என்று இரண்டு பேர் ஒன்றாக எழுந்தார்கள்.