பழைய பதிப்பு

திரை கறுத்தது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது விளையாட்டைக் காணவில்லை. திரையில் படம் காட்டும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் செயலிழந்துவிட்டதாக ஒரு வரி மட்டும் இருந்தது.

"மறுபடியும் போயிடுச்சுக்கா," என்றான் தம்பி.

அக்கா மணி பார்த்தாள். இரண்டரை. நான்கு மணிக்கு அவளுக்கு வண்டி. வேறு ஊரில் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். பெட்டிகள் கூடத்தில் நின்றன.

அம்மா இறந்து எழுபது நாள். அன்றிலிருந்து தம்பி வேலைக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கணினியோடு இருந்தான். பாகம் பாகமாக வாங்கி அவனே கோத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத யாருடனோ விளையாடும்போது எப்போதாவது சிரிப்பான். சமையலறையில் நிற்கும் அவளுக்கு அது கேட்கும்.

முதன்முறை இது கெட்டபோது இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். சோறு இறங்கவில்லை.

ஆகவே கிளம்புமுன் இதைச் சரிசெய்துவிட வேண்டும். அவள் போனபின் அந்த வீட்டில் அவனுக்கு வேறு துணையில்லை.

அவள் தரையில் உட்கார்ந்து கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். கேட்காமலே திருப்புளியை நீட்டினான்.

மெமரியை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மின்கம்பியை மாற்றியாகிவிட்டது. விசிறியில் தூசி தட்டி, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டி, எல்லாம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் டிரைவரை வழித்தெடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போடுவாள். ஓடும். சில நாளில் மறுபடி விழும்.

"ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினெல்லாம் உன்னப் பாத்தா நடுங்குமாமே. இது மட்டும் உன்ன மதிக்கவே மாட்டேங்குது."

"இது நீ வளத்ததுடா. வேற எப்படி இருக்கும்?"

அவன் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"போய் அந்த அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டு. நான் பாத்துக்கறேன்."

அவன் எழுந்து போனான்.

இதுவரை அவள் பிழைப் பதிவை மட்டுமே படித்திருந்தாள். எத்தனை மணிக்கு விழுந்தது, எந்தக் கோப்பில் விழுந்தது என்று. ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும்போது அவள் கேட்கும் முதல் கேள்வி அதுவல்ல. கெடுவதற்கு முன்னால் யார் கை வைத்தது என்பதுதான். வீட்டில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

எந்த மென்பொருளை யார், எப்போது போட்டார்கள் என்று காட்டும் நிறுவல் பதிவைத் திறந்தாள்.

அவள் போட்ட புதிய பதிப்புக்கு மேல், போன வருடத்துப் பழைய பதிப்பு ஏறியிருந்தது. இந்தக் கார்டுக்கு ஒத்துவராது என்று முதன்முறை கெட்டபோது அவளே நீக்கிய அதே பதிப்பு. தானாக ஏறவில்லை. கையால் போடப்பட்டிருந்தது. அவன் கணக்கிலிருந்து.

செவ்வாய், மாலை ஐந்து நாற்பது. வெள்ளி, ஐந்து முப்பத்தைந்து. அடுத்த புதன், ஐந்து நாற்பது.

ஆஸ்பத்திரி பஸ் அவளை ஆறு மணிக்கு இறக்கிவிடும்.

இன்று, பதினொன்று ஐம்பது. டேப் வாங்க அவள் கடைக்குப் போயிருந்தபோது.

மொத்தம் ஒன்பது முறை போட்டிருந்தான். இவற்றுக்கெல்லாம் முன்பு, முதல் தடவை மட்டும்தான் அது தானாகக் கெட்டிருக்கிறது.

பட்டியலை இரண்டு முறை படித்தாள். ஆச்சரியம் வரவில்லை. கோபம் வரவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் இப்படித்தான், எதுவும் வரவில்லை. வெறுமே யோசித்துப் பார்த்தாள். அந்த ஒன்பது நாளும் அவன் கதவைத் திறந்து அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான். மற்ற நாட்களில் கதவு திறந்ததாக அவளுக்கு நினைவில்லை.

பழைய பதிப்பை நீக்கினாள். புதியதைப் போட்டாள். தகட்டை மூடித் திருகினாள். விளையாட்டை ஓடவிட்டாள். திரையில் ஏதோ ஒரு ஊரில், ஆளில்லாத தெருவில் மழை பெய்தது. ஒரு மணி நேரம் விடாமல் பெய்தது. விழவில்லை.

கீழே ஹார்ன் அடித்தது.

தம்பி வாசலில் வந்து நின்றான். இரண்டு கையிலும் பெட்டி. திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னன்னு தெரிஞ்சுதா?"

"எங்கடா. பிடியே குடுக்க மாட்டேங்குது. இப்ப ஓடுது. ரெண்டு நாள்ல மறுபடி மண்டையப் போடும்."

அவன் பெட்டிகளின் பிடியை மாற்றிக்கொண்டான்.

"போட்டா போன் பண்ணு. அங்கேருந்தே நெட் வழியா இதுக்குள்ள நுழைஞ்சு பாக்கலாம், அதுக்கு வழி பண்ணி வச்சிருக்கேன். ஆறு மணிக்கு மேல நான் வெட்டியாத்தான் இருப்பேன்."

"சரிக்கா," என்றான். பெட்டிகளோடு படியிறங்கினான்.

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனுடைய பதிவிறக்கங்களில் அந்தப் பழைய பதிப்பின் கோப்பு இருந்தது. தேடிப் பார்த்தாள். கம்பெனி தன் தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டிருந்தது. இது தொலைந்தால் வேறு எங்கும் கிடைக்காது.

அதற்கு ஒரு நகல் எடுத்து அவன் கணினியிலேயே இன்னொரு டிஸ்கில் பத்திரமாக வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள்.