எண்பதாம் லெவல் ஓடை

கைத்தடியை ஊன்றிக்கொண்டு அசோகன் குனிந்துதான் உள்ளே நுழைந்தார். நிமிர்ந்தபோது தங்கச் சுரங்கத்தின் எண்பதாம் லெவலில் நின்றார்.

அப்படித்தான் சரோஜம்மா சொன்னாள்.

சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைனின் கடைசி வீடு அது. ராகுலன் போய்ச் சேர்ந்த இந்த ஒன்பது வருடத்தில் அவன் மனைவி சரோஜம்மா யாரையும் உள்ளே விட்டதில்லை. ரேஷனுக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அப்புறம் பகலெல்லாம் உள்ளே ஏதோ தட்டும் சத்தம். வீட்டுக்குள் தங்கம் தோண்டுகிறாள் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. கம்பெனிக்கே கிடைக்காதது இவளுக்கா கிடைக்கப்போகிறது என்று அதற்கு ஒரு சிரிப்பும் உண்டு.

அசோகனின் மனைவி லதாவிடம் மட்டும் ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை பேசுவாள். அதுவும் குழம்புக் கிண்ணம் கைமாறுகிற நேரத்துக்குத்தான்.

இன்று அந்த ஜன்னல் வழியாகத்தான் அழைப்பு வந்தது. ராகுலனோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மிச்சம் இருப்பது அசோகன் ஒருவர்தான். லதா அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

தரையிலிருந்து கூரைவரை வயர். சிவப்பு, மஞ்சள், நீலம்.

பாறைக்கு வெடி வைத்த பிறகு மிஞ்சுகிற வயர் அது. அந்தக் காலத்தில் ஆண்கள் டிபன் டப்பாவில் சுருட்டிக்கொண்டு வருவார்கள், பெண்கள் கூடை பின்னுவார்கள். சரோஜம்மா சுரங்கத்தையே பின்னியிருந்தாள்.

சோடா மூடித் தொப்பி போட்ட விரல் உயர ஆட்கள் கேஜ் கூண்டில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் நீல வயர் ஓடையாக ஓடியது. மாத்திரை அட்டையில் வெட்டிய மீன்கள் அதில் மின்னின. கரையில் மல்லிகைப் பந்தல், பந்தலில் ஊஞ்சல். பூட்ஸைக் கழற்றிவிட்டு ராகுலன் அதில் ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய ஷிப்டு நம்பர் போட்ட பித்தளை டோக்கன் தலைக்கு மேல் நிலாவாகத் தொங்கியது.

அசோகன் இறங்கிய சுரங்கம் வேறு.

எண்பதாம் லெவலில் பாறையே சுடும். பூட்ஸைக் கவிழ்த்தால் வியர்வை கொட்டும். பக்கத்தில் நிற்பவன் முகம் புழுதியில் தெரியாது.

வீட்டில் வந்து ராகுலன் என்னவெல்லாம் அளந்திருக்கிறான், படுபாவி. இவளும் அதை நம்பி ஒன்பது வருடம்...

“நீங்க எறங்குன ஆளு. பாத்துச் சொல்லுங்க, இன்னா தப்பு கீது?”

அவள் விரல்களைப் பார்த்தார். வயர் கீறாத இடமே இல்லை. உள்ளதைச் சொன்னால் இந்த ஓடை இந்த நிமிடமே வற்றிவிடும். செத்துப்போன சிநேகிதன் பொய்யனாகிவிடுவான்.

அசோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேஸ்திரி மாதிரி ஒரு சுற்றுப் பார்வையிட்டார். சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் கீது. ஊஞ்சலு மட்டும் ஓடைக்கு அந்தாண்ட கட்டியிருந்தோம்.”

சரோஜம்மா அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் அடங்கவில்லை.

“இருவது வருசம் அவரு பனியனைப் பிழிஞ்சவ நானு. அங்க ஓடை ஓடுதா, ஒலை கொதிக்குதான்னு எனக்குத் தெரியாதா?”

பயப்படாதே என்று சொல்ல வராத மனுசனாம். அதற்குப் பதில் ஒருநாள் ஓடை என்றாராம், மறுநாள் மீன் என்றாராம். இவளும் மீன் எத்தனை என்று கேட்டுக் கேட்டு ஷிப்டுக்கு அனுப்பிவைத்தாளாம். குழாயடியில் பெண்களுக்கு இதைவிட்டால் வேறு பேச்சே கிடையாதாம். உன் வீட்டில் இன்றைக்கு என்ன பொய், என் வீட்டில் என்ன பொய் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

ராகுலன் சொன்னதெல்லாம் போன மாதத்தோடு பின்னித் தீர்ந்துவிட்டது. கைதான் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் அடுத்த வீட்டுப் பொய்களில் கைவைத்திருக்கிறாள்.

மூலையில் தொங்கிய சாக்கை விலக்கினாள்.

பச்சை வயரில் ஒரு மயில். தோகை மட்டும் இன்னும் பின்னவில்லை.

அசோகனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சுரங்கத்துக்குள் மயில் பார்த்ததாக அவர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார். கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பாளே, அந்தக் கள்ளி.

“லதாவுக்கு ஒண்ணு மட்டும் மறந்துபோச்சாம். அது தோகையை விரிச்சு ஆடுச்சா, மடக்கிக்கினு நின்னுச்சா?”

அசோகன் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

ஆடியது என்று சொல்லி, எப்படி என்று ஆடியும் காட்டினார்.