சிரித்துவிட்டு எழுந்திருங்கள்

பிணமாக நடித்தவர் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடித்தவர் உயிருக்கு ஆகாது என்பார்கள் சினிமாக்காரர்கள். பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்திலும் நகைச்சுவை நடிகர் தங்கப்பழம்தான் பேய். முதல் பாகத்துக்குப் பிறகு அவருக்கு இரண்டு முறை மாரடைப்பு. பாடையில் படுத்தபடியே உதவி இயக்குநர் எழிலரசியைக் கூப்பிட்டார்.

"போன படத்துல நான் சிரிச்சத எடுத்தீங்கல்லம்மா?"

எடுக்கவில்லை. பழைய காட்சிகள் முழுவதையும் நேற்றுதான் தேடிப் பார்த்திருந்தாள்.

"எடுத்தோம் சார்."

அவர் முகம் தெளிந்தது. இயக்குநர் 'கட்' சொன்னதும் எழுந்து உட்கார்ந்து, மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு வாய்நிறையச் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எழிலரசி கேமராவைப் பார்த்தாள். 'கட்' என்றதுமே அதன் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

"போதுமாம்மா?" என்றார், சிரிப்பை நிறுத்தாமல்.