சிவப்புச் செவுள்

மீன் விற்கும் மரியபுஷ்பம் அக்கா பாறை மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரி நீலம், அதன்மேல் கொழகொழவென்று சளி.

"இப்பத்தான் கரைக்கு வந்துச்சு டாக்டரம்மா. நீலத்தப் பாருங்க."

கடல் ஆய்வகத்துக்காக வாரம் பத்து மீன் வாங்கி அறுக்கிறேன். நான் மீன் தின்று ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர் காலடியில், சாக்கடை ஓரமாக ஒரு மீன் கிடந்தது. குனிந்து செவுளைத் திறந்தேன். ரத்தச் சிவப்பு. கடல் எங்கோ இன்னும் பிழைத்திருக்கிறது.

"இதை ஏன்க்கா எறிஞ்சீங்க?"

"செவந்த செவுளு சீக்கு மீனும்மா. இந்த மாசம் ரெண்டு கூடை வந்துச்சு. ஒருத்தரும் வாங்கல, குழி தோண்டிப் பொதச்சிட்டோம்."

"சீக்குன்னு யார் சொன்னா?"

அக்கா தட்டியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். 'நல்ல மீனின் செவுள் நீல நிறமாக இருக்கும்.'

ஒன்பது வருஷத்துக்கு முன் சிவப்பே கிடைக்காமல் போனபோது, கிடைப்பதையே நல்லதென்று எழுதித் தரச் சொன்னார்கள் மீன்வளத் துறையினர். தந்தேன். அட்டையின் அடியில் பச்சை மையில் என் கையெழுத்து இன்னும் மங்கவில்லை.