மூன்றாவது பிளேடு

கதவுப் பலகையின் ஓரம் செதுக்கும் கட்டர் வாங்கும்போதே மெஷின் ஓட்டும் யாக்கோபு சொன்னான்: "ஸ்க்ரூ வச்சு முடுக்குற பிளேடு வேண்டாம்க்கா. வெல்டு வச்சுப் பத்தவச்சதா எடுப்போம்." வளைவு அழகாக விழுகிறதென்று பட்டறைக்காரி கிரேஸிதான் பிடிவாதமாக ஸ்க்ரூ வச்சதையே எடுத்தாள். இரண்டாவது பலகை ஓடும்போது டணாரென்று ஒரு சத்தம். அவன் மெஷினை அணைத்தான். சுற்றி அடங்கிய கட்டரில் மூன்று பிளேடுகளில் இரண்டுதான் இருந்தன. இருவரும் தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணுமில்லையே அக்கா?"

"இல்ல. உனக்கு?"

அவன் ப்ளைவுட் தடுப்பைக் காட்டினான். அதில் புதிதாக ஒரு பிளவு. அதன் வழியே வெளிச்சம் வந்தது. அந்தப் பக்கம் காலையிலிருந்து பாடிக்கொண்டே வார்னிஷ் அடித்த சுயம்புவின் குரலைக் காணோம்.

"சுயம்பு" என்று கூப்பிட்டாள் கிரேஸி, அவன் காதில் விழாத அளவுக்கு மெதுவாக.