மூடச் சொன்ன அறை

"இந்த ஒரு அறையை மட்டும் மூடிடுங்க அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன்."

செனட்டர் கிறிஸ்புலோ அபானில்லாவின் குரல் தழுதழுத்தது.

மியூசியப் பொறுப்பாளர் மரிவிக் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறைந்த ஜனாதிபதி வில்யாருவேலின் இலோயிலோ நகரத்து வீடு நாளைக் காலை மியூசியமாகத் திறக்கப் போகிறது. அவர் போட்ட பாலம், கட்டிய பள்ளிக்கூடம் என்று நாலு அறை. ஐந்தாவது அறை முழுக்க அவருடைய பதவிநீக்க விசாரணை. மச்சானுக்குத் துறைமுகக் கான்ட்ராக்டைத் தூக்கிக் கொடுத்தது, செனட் விசாரித்தது, ஒரே ஒரு ஓட்டில் பதவி பறிபோனது, எல்லாம்.

"அன்னைக்கு அவருக்கு எதிரா ஓட்டுப் போட்டவன்தான் நான். நாட்டோட மானத்துக்காக ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதுக்காக, போய்ச் சேர்ந்த மனுஷனை தினம் தினம் கூண்டுல ஏத்தணுமா?"

மரிவிக் உருகிப் போனாள். எதிரிக்கு இப்படி ஒரு மனசா!

வில்யாருவேலின் மனைவி ரெமெடியோஸ், கலமான்சி எலுமிச்சை ஜூஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க செனட்டர். அறையை மூட மாட்டேன்."

"உங்க கூடப்பிறந்த தம்பி பேரும் அதுல நாறுதே அண்ணி!"

"நாறட்டும். தின்னவன் அவன்தானே?"

செனட்டர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே டி.வி. கேமராக்கள் காத்திருந்தன. மே மாதம் ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறவர் அவர்.

"பகையெல்லாம் சாவோட முடியணும். நான் மன்னிச்சுட்டேன். அவங்க குடும்பத்துக்குத்தான் மனசு வரலை."

வெளியே கைதட்டல் கேட்டது.

மரிவிக்கால் பொறுக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க மேடம். வெளியாளுக்கு இருக்கிற இரக்கம்கூட உங்களுக்கு இல்லையா? அவர் மேல இன்னுமா கோபம்?"

"கோபம்தான். தப்புப் பண்ணினாரே! ஆனா பண்ணினதை மறைச்சுட்டா, பண்ணாத தப்பு யாருக்கும்மா தெரியும்?"

ரெமெடியோஸ் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "இதையும் அந்த அறையிலேயே வை. எல்லார் கண்ணுலயும் படற மாதிரி."

உள்ளே செனட் முத்திரை போட்ட ஒரு கடிதம். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் தேதி.

'என் மகனைத் தூதராக நியமித்தால், நாளை என் ஓட்டு உங்களுக்கே.' கீழே கிறிஸ்புலோ அபானில்லாவின் கையெழுத்து.

அதன் குறுக்கே சிவப்பு மையில் ஜனாதிபதி கிறுக்கியிருந்தார்:

'முடியாது. செய்த தப்பு ஒன்றே போதும்.'